கொழுந்தர் சங்கமம்

தனக்குத் தெரிந்ததை ஒருவன் ஏன் இலவசமாகக் கொடுக்கிறான்? இதற்குப் பதில் கண்டு எழுதும்படி ஒரு மாத இதழ் என்னை இலங்கைக்கு அனுப்பியது. இணையத்தில் ‘புழக்கடை’ என்றொரு தமிழ்க் குழு இருக்கிறது. கைபேசியின் பூட்டைத் திறப்பது, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பது, கம்பெனிக்காரர்கள் கைவிட்ட கருவிக்கு உயிர் கொடுப்பது என்று அதன் உறுப்பினர்கள் தாம் கண்டுபிடித்ததையெல்லாம் அங்கே எழுதி வைக்கிறார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. முகம் தெரியாத ஒருவருடைய செத்த கருவிக்காக முகம் தெரியாத இன்னொருவர் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கிறார். இது தருமமா, வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குழுவின் முதல் நேரடிக் கூட்டம் நுவரெலியாவில் நடந்தது. ஏன் நுவரெலியா என்று அமைப்பாளரைத் தொலைபேசியில் கேட்டேன். “குளுகுளுன்னு இருக்கும்” என்றார்.

இவர்கள் தம்மை ஹேக்கர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் மாமியார் வீட்டில் பயப்படுகிறார்களாம். ‘கொந்தர்’ என்கிறார்கள். கிளி பழத்தைக் கொந்துவதுபோல இவர்கள் கருவியைக் கொந்துகிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. அது தங்களுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. அதன் பலனை அனுபவித்தார்கள்.

ஹட்டனில் இறங்கியபோது மழை சற்றுமுன் விட்டிருந்தது. அங்கே என்னை அழைத்துப்போக வந்தவர் ரமீஸ், குழுவின் உள்ளூர் உறுப்பினர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் அவரும் அவருடைய நாற்காலியும் இருக்கலாம். வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தார். கல்லின் மேல் இரண்டு தகடுகள் தாளம் போடும் அந்த ஓசைக்கு நம் ஊர்ப் பரோட்டாக் கடைகளின் ஓசை உறவுதான், கொஞ்சம் கோபம் அதிகம். ரொட்டி நன்றாக இருந்தது. தேநீர் நன்றாக இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை நிற்கும் ஊரில் தூளின் தூசியைக் கொதிக்க வைத்து, பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். நல்லது கப்பலேறிவிடுகிறது. திருப்பூரில் நல்ல பனியன் தேடி அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

புழக்கடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி உண்டு. எழுதியதைப் படித்தவர்கள் ‘நன்றி’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். நன்றிகள் சேரச் சேர உறுப்பினர் விதையிலிருந்து நாற்றாகி, மரமாகி, கடைசியில் ஆலமரமாகிறார். ரமீஸ் பல வருடங்களாக உறுப்பினர், இன்னும் நாற்று. அவர் எழுதியவற்றைத் தன் கைபேசியில் பெருமையாகக் காட்டினார். படித்தேன். ஒன்றுகூடக் கேள்வி இல்லை, எல்லாம் அடித்துச் சொன்ன கூற்றுகள். எல்லாம் தப்பு. ‘இந்த வகைப் போனில் தண்ணீர் போனால் தூக்கிப் போட வேண்டியதுதான், வழியே இல்லை’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு படையே திரண்டு, படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வழி சொல்லி அவரைத் திட்டியிருந்தது. எதை எழுதினாலும் இதே கதை. மனுஷன் வெகுளி, பாவம், அடிவாங்கியும் புத்தி வரவில்லை என்று குறித்துக்கொண்டேன். “நல்லா ஏசுவாங்க” என்றார் ரமீஸ், சிரித்தபடியே.

நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனோம். கூட்டத்துக்காக அச்சடித்த இரண்டு பதாகைகள் ரமீஸின் மடியில் சுருண்டு கிடந்தன. தலவாக்கலை தாண்டியதும் மலைச்சரிவிலிருந்து மண் இறங்கிப் பாதையின் ஒரு பாதியை மூடியிருந்தது. எல்லா வண்டிகளும் நின்றன. யாருக்கும் பதற்றமில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் நான்கு பேர் இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று முழுதாக அடைத்திருப்பார்கள். இங்கே ஒருவர் இறால் வடைக் கூடையுடன் ஏறினார். முன் இருக்கையில் இருந்த சிங்களப் பெண்மணி கணவரிடம் ஏதோ சொல்ல, பஸ் சிரித்தது. ரமீஸ் மொழிபெயர்த்தார்: “வருஷா வருஷம் இதே எடத்துலதான் மண் எறங்குதாம். மண்ணுக்கு ஞாபகம் இருக்கு, ரோட்டுக்காரங்களுக்கு இல்லைங்குறாங்க.”

நுவரெலியா ஒரு நாடக மேடை. சிவப்புச் செங்கல், கூரான கூரை, புல்வெளி, ஏரிக்கரையில் குதிரை, குதிரைக்குப் பின்னால் சாணி. வெள்ளைக்காரன் தன் ஊரைக் கட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நாம் அதைக் கலைக்காமல் வாடகைக்கு விடுகிறோம். ஊட்டியில் செய்ததுதான், இங்கே வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். வந்து இறங்கியதும் ரமீஸ் ஒரு பதாகையை பஸ் ஸ்டாண்டு வேலியில் கட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் குடைக்குள் தலையை வைத்துக்கொண்டே கட்டினார். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். இருவரும் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடுதி மண்டபத்தில் முப்பது பேர் போலக் கூடினார்கள். எல்லோரும் ஆண்கள், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியையைத் தவிர. அமைப்பாளரின் புனைபெயர் இருள்வேந்தன், பதவி ஆலமரம். இயற்பெயர் பாஸ்கர், சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மண்டையோடு போட்ட பனியனுக்கு மேல் மனைவி பின்னிய ஸ்வெட்டர் அணிந்திருந்தார். உலகுக்கே தேயிலை அனுப்பும் மலைக்கு அவர் கையோடு காப்பிப் பொடியும் வடிகட்டியும் கொண்டுவந்திருந்தார். இன்னொரு ஆலமரமும் வந்திருந்தது. புனைபெயர் பாதாளன், திருச்சிக்காரர். இருவரும் பல வருடங்களாக ஒருவர் எழுதியதில் மற்றவர் பிழை கண்டுபிடித்து வாழ்கிறார்கள். மண்டபத்தின் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இரண்டாவது பதாகையை விரித்தார்கள். பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: ‘உலகக் கொழுந்தர் சங்கமம். அறிவைப் பகிர்வோம். அனைவரும் வருக.’

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். “எங்க வீட்ல ரெண்டு கொழுந்தனாரு இருக்காங்க, அதுக்கே தாங்கல. இங்க உலகத்துல இருக்கறவங்க எல்லாம் வந்துட்டாங்களா?” என்றார்.

இருள்வேந்தன் சிரிக்கவில்லை. ரமீஸ் ஹட்டனில் உள்ள அச்சுக்கடைக்குத் தொலைபேசி செய்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் அனைவரும் கேட்டோம். கடைக்காரர் துளியும் கலங்கவில்லை. “கொந்தர்னு ஒரு சொல்லு இல்ல மச்சான். ‘ழு’வ வுட்டுட்டீங்க. நான்தான் பாத்துத் திருத்துனேன். அதுக்கு நான் காசு ஒண்ணும் எடுக்கல” என்றார். நியாயம்தான். அந்த மலையில் ‘கொ’வில் ஆரம்பித்து ‘ந்த’ வருகிற எந்தச் சொல்லும் தேயிலைக் கொழுந்தைச் சுற்றித்தான் இருக்க முடியும். ஹட்டனில் இருப்பவன் இந்தத் தப்பைச் செய்யாவிட்டால்தான் அவனைச் சந்தேகிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் தொங்குவதை அவிழ்த்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். “விடுங்க, எவன் படிக்கப் போறான்” என்றார் இருள்வேந்தன்.

பிறகு அவர் பேசினார். தலைப்பு ‘அறிவு பொதுச்சொத்து’. பூட்டி வைத்த அறிவு செத்த அறிவு, தெரிந்ததை மறைப்பவன் திருடன், கொடுக்கக் கொடுக்கக் குறையாதது இது ஒன்றுதான் என்றெல்லாம் சொன்னார். நல்ல குரல். சான்றாகத் தன் பழைய சாதனை ஒன்றைத் திரையில் காட்டினார். கோயம்பேடு காய்கறி மண்டியில் தொங்கும் மின்னணுத் தராசு. எந்தெந்தப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் அதன் உள் அமைப்பு திறக்கும், சாக்கின் கனத்துக்கென்று கழிவு எடையை எப்படி வைக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதிய கட்டுரை. அவரை ஆலமரமாக்கிய கட்டுரை அதுதான். கைதட்டினார்கள். பாதாளன் தட்டவில்லை. அவர் ஒரு கையைத் தூக்கினார். அமைப்பாளர் அதைப் பார்க்கவில்லை.

தேநீர் இடைவேளையில் வாசலில் சத்தம். விடுதிக் காவலாளி சிங்களத்தில் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தார். இது வெளிநாட்டுக்காரர்களின் கூட்டம், உள்ளே போக முடியாது என்கிறார் என்று ரமீஸ் சொன்னார். எதிரே ஏழெட்டுப் பெண்கள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் குடை. முன்னால் நின்றவர் அதே சிங்களத்தில் பதில் சொல்லி, தன் கைபேசியில் பஸ் ஸ்டாண்டுப் பதாகையின் படத்தைக் காவலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் பெயர் புஷ்பராணி. ராகலைக்கு அப்பால், உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

“கொழுந்துக் கூட்டம்னு போட்டிருக்கு. எல்லாரும் வாங்கன்னு போட்டிருக்கு. வந்திட்டோம்” என்றார் ரமீஸிடம்.

‘அனைவரும் வருக’ என்ற வரியை நான் வாழ்நாள் முழுவதும் பதாகைகளில் பார்த்திருக்கிறேன். அதை நம்பி ஒருவர் வந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். ரமீஸ் காவலாளியின் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து, பெண்களை உள்ளே அழைத்துவந்து பின்வரிசையில் உட்கார வைத்தார். இருள்வேந்தனுக்கு வேறு வழியில்லை. என்ன வேண்டும் என்று ஒலிவாங்கியில் கேட்டார்.

புஷ்பராணி எழுந்து நின்று சொன்னார். தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதற்குப் புதுத் தராசு வந்திருக்கிறது. பழையதில் முள் இருந்தது, எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். இதில் நம்பர், அதுவும் கணக்கப்பிள்ளையின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது வந்த பிறகு கை அதேதான், மலை அதேதான், கொழுந்து மட்டும் குறைகிறது. அடிக்கடி அரைப்பேர்தான் விழுகிறது.

பேர் என்றால் என்ன என்று மேடையில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. புஷ்பராணி நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு அரை ஆளாக இறங்குகிறார்.

“மாவு மூட்டைய வச்சு நிறுத்துப் பாத்தோங்க. சரியாத்தான் காட்டுது. கொழுந்து வச்சாத்தான் கொறையுது. நீங்கள்லாம் எந்த மிஷினா இருந்தாலும் உள்ள என்னா இருக்குன்னு பாக்குறவங்களாமே, இந்தத் தம்பி சொன்னாரு. அதான், அந்தத் தராசு என்னா பண்ணுதுன்னு சொல்லுங்க” என்றார். கைபேசியில் எடுத்த தராசின் படத்தை முன்வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசை பார்த்துத் தலையை நிமிர்த்தியது. காலையில் திரையில் பார்த்த அதே கம்பெனித் தராசு.

இப்போது பொதுச்சொத்து என்ன ஆகிறது என்று பார்க்க நான் பேனாவை எடுத்தேன்.

இருள்வேந்தன் தொண்டையைச் செருமினார். அந்தக் கட்டுரை கல்வி நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்றார். இன்னொரு நாட்டின் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்றார். தவறான கைகளில் போய்விடக் கூடாது என்றார். பின்வரிசைப் பெண்களின் கைகள் மடியில் இருந்தன. அவற்றில் தேயிலைக் கறை இருந்தது. கடைசியாக அவர், கட்டுரை குழுவில்தான் இருக்கிறது, தாராளமாகப் படிக்கலாம், ஆனால் மரம் பதவிக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அது திறக்கும் என்றார். மரமாவதற்கு நிறைய நன்றி சேர்க்க வேண்டும்.

“நன்றிதானங்க? இப்பவே சொல்லிடுறோம்” என்றார் புஷ்பராணி.

ஆசிரியை மட்டும் சிரித்தார். நன்றியை அவர்கள் சொல்லக் கூடாது, வாங்க வேண்டும், அதற்கு முதலில் ஏதாவது எழுத வேண்டும் என்று இருள்வேந்தன் பொறுமையாக விளக்கினார். புஷ்பராணி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் குடையை எடுத்தாள். அவர்கள் போய்விடுவார்கள் போலிருந்தது.

அப்போது ரமீஸ் பின்னால் இருந்து எழுந்தார். ஒலிவாங்கி இல்லாமலே பேசினார். “அக்கா, இவங்களக் கேட்டுப் பிரயோசனமில்ல. அந்தத் தராசு வெளிநாட்டுலயே சீல் வச்சு வர்ற சாமான். அதுல யாரும் கழிக்கவும் ஏலாது, கூட்டவும் ஏலாது. அப்புடியே கழிச்சாலும் வெளியில நின்னு கண்டுபுடிக்க வழியே கெடையாது. இவங்களுக்கும் தெரியாது” என்றார்.

மண்டபம் கொதித்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சீல் என்பதே பொய் என்றார் ஒருவர். அந்த சீலுக்கும் உள் அமைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றார் இன்னொருவர். சட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இருள்வேந்தன் மேடையிலிருந்து இறங்கி வெள்ளைப் பலகைக்கு ஓடினார். தராசை வரைந்து, கழிவு வைக்கும் பொத்தான் இதுதான், இதை அமுக்கினால்தான் கழிக்கும், மாவு மூட்டை வைத்தபோது அமுக்கியிருக்க மாட்டார்கள் என்றார். கழிவைச் சரிபார்க்க உள் அமைப்பைத் திறக்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதாளன் வந்து சேர்ந்தார். காலையில் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை போலும்.

“திறக்கவே வேணாம் நண்பா. இதத்தான் அப்பவே சொன்னேன், நீங்க ஒத்துக்கல” என்றார். அவர் பேனாவைப் பிடுங்கித் திரையின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் வரைந்தார். கழிவு வைத்திருந்தால் இந்த அடையாளம் எரியும். மூட்டையைத் தூக்கியபின் தராசில் ஒன்றுமே இல்லாதபோது சைபர் காட்டாமல், முன்னால் ஒரு கோடு போட்டு ஒரு நம்பர் காட்டும். எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது அந்த நம்பர்தான். நிறுப்பவர் உடனே ஒரு பொத்தானை அமுக்கி அதை மறைத்துவிட முடியும். அமுக்காமல் இருந்தால் அது அங்கேயே நிற்கும்.

இருள்வேந்தன் மறுத்தார். பழைய வகையில் அப்படி இல்லை என்றார். இது பழைய வகை இல்லை என்றார் பாதாளன். புஷ்பராணி எழுந்து பலகைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

“அப்ப மூட்டைய எறக்குன பெறகு நம்பரப் பாக்கணும். அவ்வளவுதானங்க?”

“அவ்வளவுதான்” என்றன இரண்டு ஆலமரங்களும், ஒரே குரலில். அவர்கள் வாழ்க்கையில் அது முதல் முறையாக இருக்கலாம்.

நான் ரமீஸைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டா ‘தேடிப் பாத்தியா’ன்னுவாங்க சேர். தப்பாச் சொன்னா தாங்கவே மாட்டாங்க. நான் தொழில் படிச்சதே அப்புடித்தான்” என்றார். முந்தைய நாள் அவரைப் பற்றி எழுதிய குறிப்பை அடித்தேன்.

மதியச் சாப்பாடு பிரியாணி. உறுப்பினர்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறது என்று இருள்வேந்தன் வருத்தத்துடன் தெரிவித்தார். அறிவுதான் பொதுச்சொத்து. பெண்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வெளியே புல்வெளியில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தேங்காய் ரொட்டியைப் பிரித்தார்கள். ஆசிரியை தன் பிரியாணித் தட்டுடன் அங்கே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். கண்ணில் நீர் வந்தது. “இந்தியாவுல காரம் இல்லைங்களா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ரமீஸின் நண்பர் ஒருவருடைய த்ரீவீலரில் தோட்டத்துக்குப் போனோம். ஓட்டியவர் ரமீஸ்தான். ராகலை ஏற்றத்தில் வண்டி புகைந்து நின்றது. கைபேசியின் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்த மனிதர், வண்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி, பிஸ்மி சொல்லி உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. நுவரெலியாவில் தூறினாலும் மலையின் இந்தப் பக்கத்தில் மழை நின்று நாளாகியிருந்தது. வழியெல்லாம் செம்மண் தூசி பறந்தது. தேயிலை இலைகளே பழுப்பாகத் தெரிந்தன.

நிறுக்கும் இடத்தை மடுவம் என்கிறார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. மதிய நிறுவைக்குப் பெண்கள் மூட்டைகளுடன் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை மேசைக்குப் பின்னால். தொங்கிய தராசின் நம்பர் அவர் பக்கம் பார்த்தது. வெளியாள் இரண்டு பேர் வந்து நிற்பதைப் பார்த்து அவர் கண்டாக்குக்குச் சொல்லி அனுப்பினார். கண்டாக்கு என்பவர் அந்த மலைப் பிரிவின் மேற்பார்வையாளர். அரைக்கால்சட்டையும் நீளக் காலுறையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் இந்தியாவிலிருந்து வந்த எழுத்தாளர், தேயிலை பார்க்க வந்திருக்கிறேன் என்று ரமீஸ் மரியாதையாகச் சொன்னார். பார்த்தது தேயிலையைத்தான், பொய்யில்லை.

புஷ்பராணியின் முறை வந்தது. மூட்டையை மாட்டினார். கணக்கப்பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கி எடையைச் சொன்னார். அரைப்பேருக்கான எடை. புஷ்பராணி மூட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “தம்பி, கைய எடுங்க. ஒண்ணையும் அமுக்காதீங்க.”

கணக்கப்பிள்ளையின் விரல் பாதியில் நின்றது. அதற்குள் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் மேசையைச் சுற்றி அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள்.

“என்னா காட்டுது, வாசிங்கடி.”

“முன்னாடி ஒரு கோடு போட்டிருக்குக்கா. மூலையில சின்னதா எரியுது” என்றாள் ஒருத்தி. பிறகு நம்பரை வாசித்தாள். வெறும் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாக்கு அவ்வளவு கனக்க வேண்டுமென்றால் அதை இரும்பில் நெய்திருக்க வேண்டும்.

கண்டாக்கு முன்னால் வந்து பார்த்தார். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் எடை கழிப்பது வழக்கம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அந்தக் கழிவு எடுக்கப்படாமல் அப்படியே இருந்திருக்கிறது என்றார். தராசு செய்த வேலை, ஆள் செய்ததல்ல என்றார்.

“மழ நின்னு எத்தன நாளாச்சுங்க கண்டாக்கையா?” என்று புஷ்பராணி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் காலடியிலிருந்து தூசி எழுந்துகொண்டிருந்தது.

“மறந்திட்டாங்க போல” என்றார் கண்டாக்கு.

“எங்க பேர மட்டும் மறக்காம அரையாக்குனீங்க.”

மறதியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. நாளிதழில் இருந்தபோது இப்படிப்பட்ட இடத்தில் ‘கூறப்படுகிறது’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்வோம். நான் பார்த்தது ஒரு வெறும் கொக்கி, கோடு போட்ட ஒரு நம்பர், அதைப் பார்த்தபோது கணக்கப்பிள்ளை கண்டாக்கின் முகத்தைப் பார்த்த விதம். கழிவை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தார்கள். அன்று வரிசையில் நின்ற பெரும்பாலோருக்கு முழுப்பேர் விழுந்தது. இனி எவ்வளவு கழிக்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் நிறுப்பது, தராசைத் திருப்பி வைப்பது என்று கண்டாக்கு ஒப்புக்கொண்டார். கடந்த நாட்களின் அரைப்பேர்களைப் பற்றிக் கேட்டபோது, அதற்கு ஆதாரம் இல்லையே என்று மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

நான்காம் நாள் ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் ரமீஸ் தன் கைபேசியை நீட்டினார். இருள்வேந்தன் புழக்கடையில் எழுதியிருந்தார். தலைப்பு ‘மலையகத்துக்கு ஒரு நீதி’. நீளமான கட்டுரை. பூட்டி வைத்த அறிவு செத்த அறிவு என்று தொடங்கியது. புஷ்பராணி அதில் ‘ஓர் ஏழைத் தொழிலாளப் பெண்’. ரமீஸ் ‘தவறான தகவல் கூறிய ஓர் உறுப்பினர்’. மரம் பதவிக்கு மேல்தான் படிக்கலாம் என்று சொன்னது அதில் இல்லை. கீழே பாதாளன், நம்பரைப் பார்க்கும் வழி தன்னுடையது என்று சண்டை போட்டிருந்தார். இருவருக்கும் நன்றிகள் குவிந்திருந்தன. சண்டையின் வேகத்தில் இருவரும் தராசைப் பற்றித் தெரிந்த கடைசித் துணுக்குவரை எழுதி, மற்றவரை மடக்குவதற்காக அதை எல்லோரும் படிக்கும்படி திறந்தும் விட்டிருந்தார்கள்.

இதழ் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேருக்காகக் கொடுக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. புஷ்பராணியும் பேருக்காகத்தான் மலையேறுகிறார். புழக்கடைக்காரர்களுடைய பேரை யாரும் தராசில் வைத்துக் கழிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தருமம் என்ற சொல்லை மட்டும் என் கேள்வியிலிருந்து அழித்துவிடலாம். ஹட்டன் கடைக்காரர் காசு வாங்காமல் திருத்திக் கொடுப்பார்.

பஸ் மண் இறங்கிய இடத்தைக் கடந்தபோது ரமீஸின் கைபேசி ஒலித்தது. புஷ்பராணி. பஸ்ஸின் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

“தம்பி, அந்த இந்தியா தம்பிங்க இன்னும் சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களா?”

“இருக்காங்கக்கா.”

“நல்லது. தண்ணிக் கழிவு என்னைக்கிருந்து போட்டிருந்திச்சுன்னு தெரியணும். பழைய அரைப்பேரயெல்லாம் கேக்கணும்ல. நீங்க ஒண்ணு செய்ங்க. அந்தத் தராசுக்கு ஞாபகமே கெடையாது, நேத்து நடந்ததக்கூட அதுகிட்ட கேக்க முடியாதுன்னு எழுதுங்க. நல்லா அடிச்சு எழுதுங்க.”

ரமீஸ் எழுதினார். தலவாக்கலை வருவதற்குள் இரண்டு ஆலமரங்களும் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.